எங்க வுட்டேன்? கேட்டுப் படிக்கும் பெட்டிக்கு ஒரு சின்ன வரலாறு

பெரியப்பாவுக்குக் கண் முழுசாகப் போய் மூன்று வருஷம் ஆகிறது. செவிலிமேட்டில், வந்தவாசி ரோடு பாலாற்றுப் பாலத்தைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் அவர் வீடு. நாற்பது வருஷத்துக்கு மேல் பட்டுத்தறியில் உட்கார்ந்தவர். தறிக்கு மேலே ஆணியில் ஒரு டிரான்சிஸ்டர் தொங்கும். வேலை முடிந்து சாப்பிட்டதும் கையில் ஒரு கதைப்புத்தகம் இருக்கும். சர்க்கரை முதலில் ஒரு கண்ணை எடுத்தது, அப்புறம் இன்னொன்றையும்.

போன வருஷம் பென் டிரைவ் செருகுகிற ஒரு பாட்டுப்பெட்டி வாங்கி, அதில் 'சிவகாமியின் சபதம்' ஒலிநூலை ஏற்றிக் கொடுத்தேன். கதை நடப்பதே காஞ்சிபுரத்தில், அவர் இளம்வயதில் படித்து ரசித்த கதை, சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். ரெண்டு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால், பெட்டி அலமாரியில் துணி மூடிக் கிடக்கிறது.

"ஏன் பெரியப்பா, புடிக்கலியா?"

"புடிக்காம என்ன கண்ணு. எங்க வுட்டேன்னு தெரில. கரண்டு போனா மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்குது. அந்தப் பையன் பரஞ்சோதி பாஞ்சு நாளா காஞ்சிபுரத்துக்கு நடந்துகினே இருக்கான். இன்னும் ஊரு வந்து சேரல."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "தறியில இந்தத் தொல்ல இல்ல பாரு. சோத்துக்கு எழுந்து போனாலும் அட்ட எங்க நின்னுச்சோ அங்கியே நிக்கும்."

தறி பார்க்காதவர்களுக்கு ஒரு வரி விளக்கம். பட்டுத்தறியின் தலைமேல் ஜக்கார்டு பெட்டி இருக்கும். டிசைனுக்கு ஏற்றபடி துளை போட்ட அட்டைகளை வரிசையாகக் கோத்து அதில் மாட்டியிருப்பார்கள். மிதியை ஒரு தடவை மிதித்தால் ஒரு அட்டை நகரும், அந்த அட்டையின் துளைப்படி பாவு இழைகள் மேலே எழும். எழுந்து போய் நாள் கழித்து வந்தாலும் அடுத்த அட்டையிலிருந்து தொடரலாம். தறி இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நான் வாங்கிக் கொடுத்த பெட்டி பிடித்து வைக்கவில்லை.

அவருக்கு வேறு நல்ல பெட்டி பார்க்கலாமே என்று தேட ஆரம்பித்தேன். தேடல் வழக்கம்போல் வரலாற்றுப் பக்கம் போய்விட்டது. பார்வையில்லாத வாசகர்களுக்காகக் கருவி செய்தவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு கட்டத்தில் பெரியப்பாவின் கேள்வியில்தான் வந்து முட்டியிருக்கிறார்கள்: எங்க வுட்டேன்?

பெட்டி இல்லாத காலம்

காஞ்சிபுரத்துக்கும் பார்வையற்ற புலவர்களுக்கும் பழைய உறவு உண்டு. ஏகாம்பரநாதர் உலா பாடிய இரட்டைப் புலவர்களில் ஒருவருக்குக் கால் கிடையாது, ஒருவருக்குக் கண் கிடையாது என்பது வழிவழியாக வரும் செய்தி. பார்வையில்லாதவர் தோளில் கால் இல்லாதவரைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனார்களாம். ஒருவர் பாதி வெண்பா சொல்ல மற்றவர் முடிப்பாராம். செங்கல்பட்டுப் பக்கத்து அந்தகக்கவி வீரராகவ முதலியார் 17-ஆம் நூற்றாண்டுக்காரர். திருக்கழுக்குன்றப் புராணம், சேயூர்க் கலம்பகம் எல்லாம் பாடியவர். அவர் முதுகில் விரலால் எழுத்தை எழுதிக்காட்டித்தான் கற்பித்தார்கள் என்று கதை சொல்வார்கள்.

கதை எவ்வளவு நிஜமோ, அதற்குள் இருக்கும் ஏற்பாடு நிஜம். கண் இல்லாதவர் படிக்க, கண் இருக்கும் இன்னொருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அந்த ஏற்பாட்டில் 'எங்கே விட்டோம்' என்பது பிரச்சினையே இல்லை. வாசிப்பவர் சுவடியில் அடையாளம் வைத்திருப்பார், இல்லை நினைவில் வைத்திருப்பார். ஆனால் அவருக்கு நேரம் இருக்கும்போதுதான் இவருக்குப் புத்தகம்.

பிரெயில் அந்தக் கட்டை அறுத்தது. 1820-களில் பாரிஸில் லூயி பிரெயில் உருவாக்கிய ஆறு புள்ளி முறை மெல்ல உலகெங்கும் பரவியது. இந்திய மொழிகளுக்குப் பொதுவாக பாரதி பிரெயில் 1951-ல் முடிவானது. நமக்குப் பக்கத்தில் காட்பாடியில் இருக்கும் வொர்த் டிரஸ்ட், பெர்கின்ஸ் பிரெயில் தட்டச்சுப் பொறிகளைத் தயாரிக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பிரெயிலில் விரல் வைத்த இடம்தான் விட்ட இடம். ஆனால் சின்ன வயதிலேயே கற்றவர்களுக்குத்தான் அது ஓடும். வயதான பிறகு பார்வை போனவர்களில் பலருக்கு அந்தப் புள்ளிகள் விரலுக்குப் பிடிபடுவதில்லை. பெரியப்பா மாதிரி ஆட்களுக்காகத்தான் பேசும் புத்தகம் வந்தது.

இசைத்தட்டு

1877-ல் எடிசன் ஃபோனோகிராஃபைக் கண்டுபிடித்தார். அடுத்த வருஷமே அது எதற்கெல்லாம் பயன்படும் என்று ஒரு கட்டுரையில் பட்டியல் போட்டார். பார்வையற்றவர்களுக்குப் பேசும் புத்தகம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் சில நிமிஷம் மட்டுமே பேசும் உருளையில் எந்தப் புத்தகத்தை அடைப்பது? அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

முதல் உலகப்போரில் பார்வை இழந்த படைவீரர்கள் இந்த விஷயத்துக்கு ஒரு அவசரத்தைக் கொண்டுவந்தார்கள். பிரிட்டனில் இதை முன்னின்று நடத்திய இயன் ஃபிரேசரே 1916-ல் சோம் போர்க்களத்தில் பார்வை இழந்தவர். அமெரிக்காவில் இதற்காக உழைத்த ராபர்ட் இர்வினும் பார்வையற்றவர்தான். அமெரிக்காவில் 1934-லும் பிரிட்டனில் 1935-லும் பேசும் புத்தகங்கள் வாசகர்களைத் தேடி வீட்டுக்குப் போக ஆரம்பித்தன. பிரிட்டனின் முதல் வெளியீடுகளில் ஒன்று அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவல், இன்னொன்று ஜோசப் கான்ராடின் கடல் கதை. ரெண்டுமே கதைப்புத்தகம். எனக்குப் பிடித்த தகவல் இது.

அந்தக் காலத்து சாதாரண இசைத்தட்டு நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும், நாலைந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். பேசும் புத்தகத்துக்காகத் தட்டை மெதுவாகச் சுற்றவைத்தார்கள். அமெரிக்காவில் நிமிஷத்துக்கு 33⅓ சுற்று, பக்கத்துக்குச் சுமார் 15 நிமிஷம். பிரிட்டனில் 24 சுற்று, சுமார் 25 நிமிஷம். கொலம்பியா கம்பெனி எல்.பி. தட்டுகளைக் கடைக்குக் கொண்டுவந்தது 1948-ல்தான். பாட்டு கேட்பவர்களுக்கு 14 வருஷம் முன்பே பார்வையற்றவர்கள் நீண்ட நேரத் தட்டில் புத்தகம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இப்போ கணக்குப் போட்டுப் பாருங்க. பத்து மணி நேர நாவல் என்றால் அமெரிக்க முறையில் 40 பக்கம், அதாவது 20 தட்டு. எந்தத் தட்டு, எந்தப் பக்கம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் முள்ளை மறுபடி அதே வரிப்பள்ளத்தில் கையால் வைக்க வேண்டும். இடம் பிடிக்கும் வேலை முழுக்க வாசகர் தலையில்தான்.

ஆடம்பரமா, அவசியமா?

இந்த வரலாற்றில் என்னை நிறுத்தியவர் ஹெலன் கெல்லர். 1933-ல் பேசும் புத்தகத்துக்கு நிதி திரட்ட உதவச் சொல்லி அவரைக் கேட்டார்கள். மறுத்துவிட்டார். பொருளாதார மந்தத்தில் லட்சக்கணக்கானவர்கள் வேலையில்லாமல் தவிக்கும்போது இதற்குக் கை நீட்ட முடியாது, இது இல்லாமலும் பார்வையற்றவர்களால் இப்போதைக்கு இருக்க முடியும் என்பது அவர் நிலைப்பாடு. ஆனால் ரெண்டே வருஷத்தில் மனம் மாறி, அதிபர் ரூஸ்வெல்ட்டிடம் இதற்காகப் பேசியவரும் அவர்தான். வேலையில்லாதவர்களுக்கு வேலை தரும் அரசுத் திட்டத்திலேயே பேசும் புத்தகப் பெட்டிகளைச் செய்ய உத்தரவானது. அப்படி 20,000-க்கும் மேற்பட்ட பெட்டிகள் செய்து, வாசகர்களுக்கு இரவலாகக் கொடுத்தார்கள். எதைக் காட்டி இது ஆடம்பரம் என்றாரோ, அந்த வேலையில்லாத கைகளே பெட்டியைச் செய்தன.

எங்கள் வீட்டிலும் அதே பேச்சு ஓடியது. "இந்த வயசுல அவருக்கு எதுக்குடா அவ்ளோ வெலையில பெட்டி? ரேடியோ இருக்கே" என்று ஒரு குரல். சொன்னவர் கெட்டவர் இல்லை, மாசம் மாசம் மருந்துச் செலவு பார்ப்பவர். ஆனால் ரேடியோ தருவதைத்தான் கேட்க முடியும், வேண்டியதைக் கேட்க முடியாது. அதுவும் யாருக்காகவும் நின்று காத்திருக்காது.

கேசட்டின் அருமை

1963-ல் ஃபிலிப்ஸ் கம்பெனி கேசட்டைக் கொண்டுவந்தது. பார்வையற்ற வாசகர்களைப் பொறுத்தவரை அதன் பெரிய அருமை, சின்னதாக இருப்பதோ விலை குறைவோ இல்லை. நிறுத்தின இடத்தில் நாடா நிற்கும். பெட்டியிலிருந்து கழற்றி, பையில் போட்டு, ஒரு மாசம் கழித்து இன்னொருவர் வீட்டுப் பெட்டியில் போட்டாலும் அதே வார்த்தையிலிருந்து தொடரும். தறி அட்டையின் அதே குணம்.

அமெரிக்கப் பேசும் புத்தக நூலகம் கேசட்டைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, நாடாவில் நான்கு தடங்களில் பதிந்தது. 90 நிமிஷக் கேசட்டில் 6 மணி நேரம் அடங்கியது. அது சாதாரண டேப் ரெக்கார்டரில் ஓடாது என்பதால் பதிப்பாளர்களுக்கும் நிம்மதி. அத்தியாயம் தொடங்கும் இடத்தில் ஒரு தாழ்ந்த ஒலியைப் பதிந்து வைப்பார்கள். நாடாவை வேகமாக ஓட்டும்போது மட்டும் அது 'பீப்' என்று கேட்கும். அத்தியாயம் தேட அதுதான் வழி.

நம் ஊரில் ஒரு தலைமுறையே கேசட்டில் படித்துப் பட்டம் வாங்கியது. தன்னார்வலர்கள் பாடப்புத்தகத்தை வாசித்துப் பதிவு செய்து கொடுப்பார்கள். அப்படிப் படித்து ஆசிரியராகி ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவர் சொன்னது: "கேசட் நான் விட்ட இடத்தை மறக்காது. ஆனா நான் கேக்குற இடத்துக்குப் போகாது. பரீட்சைக்கு முந்தின ராத்திரி நாலாம் பாடத்தத் தேடித் தேடியே விடிஞ்சிரும்."

ஒரு நாவலுக்கு விட்ட இடம் போதும். பாடப்புத்தகத்துக்கு வேண்டிய இடமும் தெரிய வேண்டும்.

டெய்சி

அந்த ரெண்டாவது தேவைக்குப் பதில் ஸ்வீடனிலிருந்து வந்தது. அங்கே பேசும் புத்தக, பிரெயில் நூலகத்தில் 80-களின் இறுதியிலேயே யோசிக்கத் தொடங்கி, 1996-ல் ஸ்வீடன், ஜப்பான், பிரிட்டன் உள்ளிட்ட நாடுகளின் நூலகங்கள் சேர்ந்து டெய்சி கூட்டமைப்பை ஆரம்பித்தன. டெய்சி என்பது டிஜிட்டல் ஒலிநூலை அடுக்கி வைக்கும் ஒரு முறை. பாகம், அத்தியாயம், பக்கம், வரி என்று நூலின் எலும்புக்கூடு குரலோடு சேர்ந்தே இருக்கும்.

சிவகாமியின் சபதத்தையே எடுத்துக்கலாம். நான்கு பாகம், இருநூறுக்கும் மேற்பட்ட அத்தியாயம். டெய்சி கருவியில் முதல் படிநிலையில் ஒரு பொத்தானை அழுத்தினால் 'பரஞ்சோதி யாத்திரை'யிலிருந்து 'காஞ்சி முற்றுகை'க்குத் தாவும். அடுத்த படிநிலைக்கு மாற்றினால் அதே பொத்தான் அத்தியாயம் அத்தியாயமாகப் போகும். நிறுத்தினால் விட்ட இடத்தை ஒவ்வொரு நூலுக்கும் தனித்தனியாக நினைவில் வைக்கும்.

இதற்கென்றே ஜப்பானின் பிளெக்ஸ்டாக், கனடாவின் விக்டர் ரீடர் கருவிகள் வந்தன. 2007-ல் வந்த விக்டர் ரீடர் ஸ்ட்ரீம் சட்டைப்பைக்குள் அடங்கும். முகப்பில் பழைய போன் மாதிரி எண் பொத்தான்கள். நடுவில் இருக்கும் 5-ஐ அழுத்தினால் நூலில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று சொல்லும். பெரியப்பாவின் கேள்விக்கென்றே ஒரு பொத்தான்!

நான் வாங்கின பாட்டுப்பெட்டி ஏன் மறந்தது என்பதும் இப்போது புரிகிறது. அது பாட்டுக்காகச் செய்தது. நாலு நிமிஷப் பாட்டு மறுபடி முதலிலிருந்து ஓடினால் யாருக்கும் நஷ்டமில்லை. கேசட் தன் உடம்பிலேயே இடத்தை வைத்திருந்தது. டிஜிட்டல் பெட்டிக்கு அதை நினைவில் வைக்க யாராவது மெனக்கெட்டு நிரல் எழுதணும்.

பெட்டிக்குள் என்ன போடுவது?

பெட்டி மட்டும் இருந்தால் போதாது, நூல் வேண்டும். ஒரு நூலைப் பார்வையற்றவர்களுக்காக வேறு வடிவத்துக்கு மாற்ற பதிப்புரிமைக்காரரிடம் அனுமதி கேட்டு நின்ற நிலையை 2012-ல் வந்த நம் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் மாற்றியது. 52(1)(zb) பிரிவு அந்த அனுமதி தேவையில்லை என்றது. 2013 ஜூன் 27-ல் மராகேஷ் ஒப்பந்தம் உருவானது. அப்படி மாற்றிய நூல்களை நாடுவிட்டு நாடு அனுப்ப வழிசெய்த ஒப்பந்தம் அது. 2014-ல் அதை முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. 2016 ஆகஸ்டில் டெய்சி ஃபோரம் ஆஃப் இந்தியாவும் மத்திய அரசும் சேர்ந்து 'சுகம்ய புஸ்தகாலயா' இணைய நூலகத்தைத் தொடங்கின. தமிழ் நூல்களும் அதில் உண்டு. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது.

யாரும் வாசித்துப் பதியாத நூலை இயந்திரக் குரல் வாசிக்கணும். தமிழுக்கு அந்தக் குரல் தானாக வந்துவிடவில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஏ.ஜி. ராமகிருஷ்ணன் குழு, அச்சுத் தமிழை அடையாளம் காணும் மென்பொருளையும் தமிழ் வாசிக்கும் குரலையும் உருவாக்கியது. இன்றைக்கு ஆண்ட்ராய்டு போனே தமிழ் வாசிக்கிறது.

செவிலிமேட்டில் சோதனை

"அப்போ போனே போதுமே" என்றான் பெரியப்பாவின் பேரன். நியாயம்தான். இன்றைக்குப் பார்வையற்ற மாணவர்கள் பலரும் டாக்பேக் வைத்துப் போனிலேயே எல்லாம் படிக்கிறார்கள். என் ஆசிரியர் நண்பரும் போனுக்கு மாறிவிட்டார். பெரியப்பாவிடம் ஒரு வாரம் போன் கொடுத்துப் பார்த்தோம். வழுக்குக் கண்ணாடியில் அவர் விரலுக்கு ஒன்றுமே அகப்படவில்லை. பட்டு இழை அறுந்தால் தடவியே கண்டுபிடித்த விரல் அது. ரெண்டு தரம் யார் யாருக்கோ அழைப்புப் போனதும், "வேணாம் கண்ணு, நீயே வச்சிக்கோ" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நண்பர் தன் பழைய டெய்சி கருவியை ஒரு மாசத்துக்கு இரவல் கொடுத்தார். கூடவே எதையும் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனைகளையும் சொன்னார். உங்கள் வீட்டிலும் உதவலாம்:

வாக்கியத்தின் நடுவில் அணைத்து, மறுபடி போடுங்கள். அதே வாக்கியத்துக்கு வருகிறதா? ரெண்டு நூல் ஏற்றி மாற்றி மாற்றிக் கேளுங்கள், ரெண்டின் இடமும் தனித்தனியாக இருக்கிறதா? ஒன்றுமே விளக்காமல் அவர் கையில் கொடுங்கள், ஓடவிடும் பொத்தானை விரல் தானாகக் கண்டுபிடிக்கிறதா? சார்ஜ் குறைந்தால் வாய்விட்டுச் சொல்கிறதா, வெறும் சிவப்பு விளக்கு மட்டுமா? கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டால் தானே நிற்க வழி உண்டா? எழுத்து வடிவ நூலும் படிக்க வேண்டுமென்றால், அதற்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமா? கடைசியாக, கெட்டுப்போனால் யார் சரிசெய்வார்கள்?

முக்கியமான ஒன்று: சோதனையைச் செய்ய வேண்டியவர் கேட்கப்போகிறவர்தான். நான் கண்ணால் பார்த்து வாங்கியதால்தான் முதல் பெட்டி தோற்றது.

சிவகாமியின் சபதத்தைப் பாகத்துக்கு ஒரு ஃபோல்டர், அத்தியாயத்துக்கு ஒரு ஃபைல் என்று பிரித்து ஏற்றினேன். முதல் நாள் பெரியப்பா அரை மணி நேரம் கதையே கேட்கவில்லை. போட்டார், அணைத்தார், மறுபடி போட்டார். பெட்டி மறக்கிறதா என்று பார்த்தார். அப்புறம்தான் சாய்ந்து உட்கார்ந்தார். பக்கத்து வீட்டில் தறி ஓடும் சத்தத்துக்காக இயர்போன், அதுவும் ஒரு காதில் மட்டும். இன்னொரு காது வாசலுக்கு.

மாசம் முடிந்து நண்பரின் பெட்டியைத் திருப்ப வேண்டிய நாளில் புதுசு வாங்குவது என்று முடிவானது. விலை பல பத்தாயிரம். பிள்ளைகள் நாங்கள் நாலு பேர் பங்கு போட்டோம். மருந்துச் செலவு பார்ப்பவர்தான் முதலில் தன் பங்கை எடுத்து வைத்தார். இவ்வளவு நாளாக மாற்றுத்திறனாளி சான்றிதழே எடுக்காமல் விட்டிருந்தோம். வயசானால் கண் போகும் என்று எல்லாரும் ஒதுக்கிவிட்ட விஷயம் அது. சுகம்ய புஸ்தகாலயாவில் சேர அது வேண்டும் என்பதால் அதற்கும் அலைந்து வாங்கினோம். மத்திய அரசின் அடிப் திட்ட முகாம்களில் டெய்சி பிளேயர் கொடுப்பதுண்டு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கும் அந்தச் சான்றிதழ்தான் முதல் படி.

போன ஞாயிறு போயிருந்தேன். பரஞ்சோதி எப்போதோ காஞ்சிக்கு வந்து சேர்ந்துவிட்டான். முற்றுகையும் முடிந்து மூன்றாம் பாகம் ஓடுகிறது.

"ஏன் கண்ணு, இவ்ளோ தூரம் வந்துட்டேன், நம்ம கைலாசநாதர் கோயில் கட்றது இன்னும் வரலியே?"

அது மாமல்லனின் கொள்ளுப்பேரன் ராஜசிம்மன் கட்டியது, இந்தக் கதை நடக்கும் காலத்தில் அந்தக் கோயில் கிடையாது என்று சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். 5-ஐ அழுத்தி எந்த அத்தியாயம் என்று கேட்டுக்கொண்டு, பெட்டியை அணைத்தார்.

"அப்ப அந்த ராஜசிம்மன் கதைக்கு வேற புக்கு இருந்தா, அடுத்த தபா ஏத்தினு வா."